கரீம்பேட்டைக்கு மேலே நின்ற பந்து

ஆப்கானிஸ்தான் மட்டைக்காரன் தோர்யாலை மங்கல் தன் முதல் சர்வதேச ஆட்டத்தின் கடைசிப் பந்தை ஓங்கி அடித்தான். பந்து மேலே போனது. மேலே போன பந்து கீழே வரவில்லை. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஊரான கரீம்பேட்டையில், கோடை முடிகிற ஒரு வியாழக்கிழமை மத்தியானம் இது நடந்தது. அதே நாளில் அந்த ஊரில் வேறு சில காரியங்களும் நடந்தன: தண்ணீர் லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது, பெரிய மசூதித் தெருவில் காணாமல் போன ஆடு இரண்டு வீடு தள்ளி அகப்பட்டது, ஷூ கம்பெனியில் இடது கால் செருப்பு மட்டும் ஒரு பெட்டி கூடுதலாகத் தைத்துவிட்டார்கள். பின்னாளில் ஊர்க்காரர்கள் அந்த நாளைப் பற்றிப் பேசும்போது, தண்ணீர் லாரி நேரத்துக்கு வந்ததைத்தான் நம்ப முடியாத குரலில் சொல்வார்கள்.

ஓர் ஆப்கானியனுக்குக் கரீம்பேட்டையில் என்ன வேலை என்று கேட்பது நியாயம்தான். அவன் நாட்டில் அப்போது சண்டை. சண்டை நடக்கிற நாட்டுக்கு மற்ற அணிகள் ஆட வர மாட்டா. ஆகவே ஆப்கானிஸ்தான் அணி தன் சொந்த மைதானத்தை அயல்நாட்டில் வாடகைக்குத் தேட வேண்டியிருந்தது. கரீம்பேட்டையின் டேனரி முதலாளி நிஸ்தார் சாயபு, வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட மட்டையின் நடுவில் வாங்கியவர் அல்லர் என்றாலும், அல்லது அதனாலேயே, ஊருக்கு வெளியே அழகான பச்சை மைதானம் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார். இப்படியாக, இந்துகுஷ் மலைக்கு இந்தப் பக்கம் எத்தனையோ மாகாணங்கள் தள்ளி, படிகாரமும் பச்சைத்தோலும் மணக்கிற ஓர் ஊர் ஆப்கானிஸ்தானுக்கு உள்ளூர் ஆனது. ஆட்டத்துக்கு முன்னால் அவர்களுடைய தேசிய கீதத்தைக் கல்யாண மைக்செட்காரர் போட்டார். பழக்கதோஷத்தில், முடிந்ததும் “மணமக்களை வாழ்த்தி மொய் எழுதுவோர்” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

தோர்யாலை பிறந்தது பெஷாவருக்கு வெளியே ஓர் அகதி முகாமில். தகப்பனார் குல் மர்ஜான் அங்கே செங்கல் சூளையில் கல் அறுத்தார். அவர் அறுத்த கற்கள் நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிற்கும். வரிசை பாதியில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. மகனுடைய வரிசை எப்போதும் பாதியில் நிற்கும், ஏனென்றால் டென்னிஸ் பந்தில் டேப் சுற்றிக்கொண்டு யாராவது நாலு பேர் அவனைக் கூப்பிட்டிருப்பார்கள். பாதிப் பள்ளிக்கூடம், பாதித் தையல் வேலை, பாதிச் சுவர் என்று அவன் விட்டுவந்தவற்றைத் தகப்பனார் விருந்தாளிகளிடம் ஒப்பிப்பார். தேசிய அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று மகன் வந்து சொன்ன அன்று, அவர் கையிலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “போ. அதையாவது முடி. ஒரு ஆட்டத்தைத் தொடங்கி, முடிச்சுட்டு வா. அதுவரைக்கும் நீ என்கிட்டே பேச வேண்டாம், நானும் உன்கிட்டே பேச மாட்டேன்.”

அவர்கள் மலைப்பக்கத்தில், வாயிலிருந்து வெளியே போன சொல்லைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்கிற வழக்கம் இல்லை. சொன்னவருக்கே இஷ்டம் இருந்தாலும் இல்லை.

அந்தக் கட்டளையோடுதான் தோர்யாலை கரீம்பேட்டை ஆடுகளத்தில் நின்றான். உலகப் போட்டிக்குத் தகுதி பெறுவதற்கான ஆட்டம். எதிரணி வட கடலில் ஒரு தீவு நாடு. பெயரைச் சொன்னால் அவர்களுடைய வாரியம் இன்றைக்கும் முகம் சுளிக்கும் என்பதால் தீவுக்காரர்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பந்து மிச்சம், ஐந்து ரன் வேண்டும். மட்டையின் நடுவில் படுகிற பந்துக்கு ஒரு சத்தம் உண்டு, அது அடித்தவனின் உள்ளங்கைக்கு மட்டும் கேட்கும். தோர்யாலைக்குக் கேட்டது. வெள்ளைப் பந்து லாங்-ஆன் பக்கம் எழும்பி, உயரத்தில் மசூதி மினாராவைத் தாண்டி, முனிசிபல் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, எல்லைக் கயிற்றுக்குச் சற்று உள்ளே, நேர் உச்சியில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நின்றது. அதற்குக் கீழே ஈவர் என்கிற தீவுக்காரன் இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்துக்கொண்டு நின்றான். தன் நாட்டில் அவன் குழாய் ரிப்பேர்க்காரன். தீவுக்காரர்கள் எல்லாருமே வேறு பிழைப்பு பார்த்துக்கொண்டு ஓய்வுநாளில் ஆடுகிறவர்கள். அவன் நின்றான், நின்றான், நின்றுகொண்டே இருந்தான்.

தோர்யாலையும் எதிர்முனைக்காரனும் சும்மா இருக்கவில்லை. ஓடினார்கள். ஐந்து ரன்னையும் ஓடி முடித்து, நாக்கு தள்ள நடுவரிடம் வந்து நின்றார்கள்.

“ஜெயித்துவிட்டோமா?” என்று தோர்யாலை தனக்குத் தெரிந்த முகாம் உருதுவில் கேட்டான்.

நடுவர் தேசிகன் சென்னைக்காரர். கிரிக்கெட் சட்டங்களை மற்றவர்கள் பாசுரம் சேவிப்பது போல மனப்பாடமாகச் சொல்கிறவர். “ஓடினது ஓடினதுதான்,” என்றார், தம்முடைய இந்தியில். “ஆனால் அந்த மனுஷர் பிடித்துவிட்டார் என்றால் அத்தனையும் போச்சு. பந்து தரையில் விழவில்லை, பிடிபடவில்லை, எல்லையைத் தாண்டவில்லை. உயிரோடு இருக்கிறது.”

“எதுவரைக்கும்?”

“இரண்டு பக்கமும் அதைக் கைவிடுகிறவரைக்கும்.”

சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இரு அணியாரும் இனி இது ஆட்டத்தில் இல்லை என்று கருதிவிட்டால் பந்து செத்தது. ஒருவராவது கருதாதவரை அது உயிருள்ளது. ஈவர் மேலே பார்ப்பதை நிறுத்தினால், ஓடின ஐந்து ரன்னும் நிலைத்து, தீவுக்காரர்கள் தோற்றார்கள். பந்து உயிரோடு இருக்கும்போது ஆள் மாற்ற அனுமதி இல்லை என்பதால், அவனிடத்தில் இன்னொருவனை நிறுத்தவும் வழியில்லை. அணி விமானம் ஏறியது, ஈவர் ஏறவில்லை. தோர்யாலை தன் மட்டையைக் கோட்டுக்குள் செங்குத்தாக ஊன்றிவிட்டு வந்தான். கையில் பிடித்த மட்டைக்குத்தான் மதிப்பு, ஊன்றிய மட்டைக்கு இல்லை என்று தேசிகன் திருத்தினார். ஆனால் ரன்-அவுட் செய்யப் பந்து வேண்டும், பந்து மேலே இருக்கிறது என்பதால் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். இரண்டு அணிகளையும் தற்காலிகமாகத் தகுதி பெற்றவையாக அறிவித்து, உலக வாரியம் வேறு வேலை பார்க்கப் போனது.

கரீம்பேட்டை அந்தப் பந்தை முதல் வாரம் அண்ணாந்து பார்த்தது. இரண்டாவது வாரத்திலிருந்து பயன்படுத்த ஆரம்பித்தது. “பந்துக்கு நேர் கீழே போயி, லெப்ட்டு திரும்பு” என்று வழி சொன்னார்கள். பஸ் கண்டக்டர் “பந்தடி, பந்தடி எறங்கு” என்று விசில் அடித்தான். தோல் வேலை தெரிந்த ஊர் என்பதால், டீக்கடைகளில் விவாதம் எல்லாம் பந்து ஏன் நிற்கிறது என்பதைப் பற்றி அல்ல, வெயிலிலும் மழையிலும் வெடிக்காமல் நிற்கிறதே அது என்ன தோல் என்பதைப் பற்றித்தான். படிகாரத்தில் பதம் போட்டது என்று ஒரு கட்சி, மேலே பூசிய வெள்ளைச் சாயம்தான் காப்பாற்றுகிறது என்று ஒரு கட்சி. அது கரீம்பேட்டைத் தோல்தான் என்பதில் மட்டும் இரு கட்சிக்கும் ஒற்றுமை இருந்தது, பந்து தைத்த கம்பெனி ஆயிரம் மைலுக்கு அப்பால் வடக்கே இருந்தும். ஆளுங்கட்சி வேட்பாளர் பந்தை இறக்கித் தருவதாக வாக்குறுதி கொடுத்தார். எதிர்க்கட்சி வேட்பாளர் அதை இறக்க விட மாட்டேன் என்று கொடுத்து ஜெயித்தார். பெருநாள் பிறை பார்க்கும் கமிட்டி, மேற்கில் வெள்ளையாகத் தெரிகிற எல்லாவற்றையும் பிறை என்று எண்ண வேண்டாம் என்று ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டது. கோட்டுக்குள் ஊன்றியிருந்த மட்டைக்கு யாரோ குங்குமம் வைத்தார்கள். ஜமாஅத்திலிருந்து மரியாதையாக ஓர் ஆட்சேபம் வந்தது. குங்குமம் வேண்டாம், முல்லைச்சரம் சாற்றலாம் என்று சமரசம் ஆனது. வருடா வருடம் டேனரி ஆட்கள் தோலுக்கு ஏற்றும் மீன் எண்ணெயை மட்டைக்கும் ஏற்றினார்கள். அதனால் அது கரையான் அரிக்காமல், கொஞ்சம் புதுச் செருப்பு வாசனையோடு, திடமாக நின்றது.

ஈவரை ஊர் எடுத்துக்கொண்டது கோகிலா வழியாக. அவள் மைதானத்து வாசலில் டீக்கடை வைத்திருந்தாள், புருஷன் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது, வாய் கூர்மையானது. மூன்றாம் நாள் ஈவரின் மூக்குத் தோல் உரிந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, “இன்னாபா இது, நம்மூருக்கு வந்த மனுசன் அப்பளம் மாரி பொரிஞ்சிக்கினு கீறான், அல்லாரும் வேடிக்க பாக்குறீங்கோ,” என்று பந்தல்காரர் ஏகாம்பரத்தைக் கையோடு இழுத்து வந்தாள். ஏகாம்பரம் முதலில் கீற்றுப் பந்தல் போட்டார். மழைக்காலத்தில் அது ஒழுகியதால் அடுத்த வருடம் தகரம் போட்டார். ஈவர் வானத்தைப் பார்க்க வேண்டுமே என்று தகரத்தின் நடுவில் ஒரு சதுர ஓட்டை விட்டார். அதில் அவருக்கு மிகுந்த பெருமை.

வேலையில்லாமல் நிற்கத் தெரியாத ஈவர், தலையை அண்ணாந்தபடியே கைக்கு வேலை கேட்டான். ஊரில் ஒழுகிய குழாய்களும் நின்றுபோன மோட்டார்களும் அவனைத் தேடி வந்தன. பார்க்காமலே தடவிச் சரிசெய்தான். அவன் குளிக்கப் போகிற நேரங்களில் கோகிலா, பந்து அசைந்தால் ஊத வாயில் விசிலோடு, ஓட்டைக்குக் கீழே அண்ணாந்து நின்றாள். அவள் நின்றதற்கு ஊர் ஓர் அர்த்தம் கற்பித்தது. அர்த்தம் சரியாகத்தான் இருந்தது. எல்லைக் கோட்டுக்கு உள்ளேயே கல்யாணம் நடந்தது. ஈவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே தாலி கட்டினான். கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் மாப்பிள்ளையின் தாடை மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

தோர்யாலையின் நிலைமைதான் சிக்கல். ஓர் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் நிற்கிறவன், அது முடியாமல் இன்னோர் ஆட்டத்தில் மட்டை பிடிக்க முடியுமா என்று உலக வாரியம் ஒரு குழு போட்டது. குழு ஏழு நாடுகளில் ஏழு முறை விருந்து சாப்பிட்டுவிட்டு, முடியாது என்றது. பிறந்ததிலிருந்து மட்டைக்காரனாக இருந்தவன் மட்டையைத் தொடக்கூடாது. ஆனால் பந்து வீசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவன் டேப் சுற்றிய பந்தில் விளையாட்டாகப் பழகிய லெக்-ஸ்பின்னை எடுத்து, முகாமில், பிறகு காபூலில், பிறகு துபாயின் உள்ளரங்கங்களில், விரல் காய்ப்புக் காய்க்கும்வரை வீசினான். வீசி அணிக்குள் திரும்பி வந்தான். கரீபியத் தீவுகளில் வீசினான், ஆஸ்திரேலியாவில் வீசினான், பெயர் உச்சரிக்கத் தெரியாத அறிவிப்பாளர்கள் ஊர்தோறும் புதுப்புதுப் பெயர் சூட்ட வீசினான். உலகத்தின் பெரிய மட்டைக்காரர்கள் அவன் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் தங்கள் சொந்தக் கால்களையே சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவன் ஆடிய அணிகள் எல்லாம் பத்துப் பேரை வைத்துத்தான் மட்டை பிடித்தன. பதினோராவது இடத்தில் ‘ஆட வரவில்லை’ என்று இருக்கும். கேப்டன்கள் முனகிக்கொண்டே அவனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹோட்டல் அறைக் கண்ணாடிக்கு முன்னால் அவன் குடையை மட்டையாகப் பிடித்து நிற்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

நாட்டில் அவன் படம் லாரிகளின் பின்னால் வரையப்பட்டது. கோஸ்த் போகும் வழியில் சோதனைச் சாவடியில் துப்பாக்கிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்தி, காகிதம் எதுவும் கேட்காமல், சட்டைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நீட்டி, கூக்ளிக்கு விரலை எப்படி வைப்பது என்று கேட்டான். பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் பாடம் முடியும்வரை ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தன.

இவ்வளவு பெரிய மனுஷனிடம் அவன் தகப்பனார் மட்டும் பேசவில்லை. முதலில் தொடங்கிய ஆட்டமே முடியாமல் நிற்க, மற்ற ஆட்டங்கள் அவர் கணக்கில் சேரவில்லை. குடும்பம் முகாமிலிருந்து கோஸ்த்துக்குத் திரும்பி, மகன் சம்பாத்தியத்தில் மல்பெரி மரங்களுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டது. மகன் வருகிற நாளில் அவர் முதலில் எழுந்து, முற்றத்தைத் தாமே பெருக்கி, அவன் உள்ளே நுழைந்ததும் தேநீர்க் கெண்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“சிலருக்கு இந்தக் குளிர்ல கோட்டு போடணும்னு தெரியறதில்லே,” என்பார் கெண்டியிடம்.

“பாபாகிட்டே சொல்லும்மா, கோட்டு பையில இருக்கு,” என்பான் அவன்.

அவன் அம்மா ஸர்கூனா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, “நான் பெத்தது ஒண்ணு, கட்டினது ஒண்ணு, ரெண்டும் கழுதை,” என்பாள். அது இருவருக்கும் பொதுவாகச் சொன்னது என்பதால் இருவரும் கேட்டுக்கொள்வார்கள்.

ஒவ்வொரு வருடமும், எந்தத் தொடரில் எங்கே ஆடினாலும், தோர்யாலை கரீம்பேட்டைக்கு வந்து போனான். ஊர் அவன் பெயரை எப்போதோ தேய்த்துத் தொரை ஆக்கிவிட்டது. பெரிய மசூதித் தெருவில் அவன் தொரை பாய். பிரியாணியில் கேரட்டும் திராட்சையும் போட வேண்டும் என்று அவன் சொன்னதை மட்டும் ஊர் இன்றுவரை மன்னிக்கவில்லை. தேசிகனும் அதே வாரத்தில் வருவார்; பைனாகுலரில் பந்தைப் பார்ப்பார்; “உயிரோடு இருக்கிறது,” என்று அறிவிப்பார்; கோகிலா கடையில் சர்க்கரை இல்லாமல் காப்பி குடித்துவிட்டுப் போவார். வெள்ளைப் பந்து மெல்ல மெல்ல டீ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறையும்போது தோர்யாலையின் தோள்பட்டை போதும் என்றது. அந்தப் பருவத்தோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டு அவன் கரீம்பேட்டைக்கு வந்த அன்று, அம்மா போனில் கூப்பிட்டாள்.

“உங்க பாபா இப்பல்லாம் மாடிப்படி நடுவுல உட்கார்ந்துடறாரு. கேட்டா, காத்து நல்லா வருதுங்கறாரு. ஆட்டம் முடிஞ்சுதுன்னு ஒரு பொய் சொல்லேன்டா.”

“அவரு ரேடியோ கேப்பாரும்மா.”

“ரேடியோவை நான் உடைக்கறேன்.”

“பொய்னு தெரிஞ்சா செத்தாலும் பேச மாட்டாரு.”

“அது என்னமோ நிஜம்,” என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

தேசிகன் இந்த முறை ஒரு செய்தியோடு வந்திருந்தார். தோர்யாலை ஓய்வு பெறுவதற்குள் விவகாரத்தை முடித்துவிட வாரியம் ஆசைப்படுகிறது. “நீயும் ஈவரும் கைவிட்டுவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓடின ரன்னைக் கணக்கில் எடுக்காமல் ‘முடிவில்லை’ என்று போட்டுவிடுவார்கள். யாருக்கும் தோல்வி இல்லை.”

முடிவில்லை. தோர்யாலை அந்த வார்த்தையை வாய்க்குள் உருட்டிப் பார்த்தான். பாதிப் பள்ளிக்கூடம், பாதித் தையல் வேலை, பாதிச் சுவர், பாதி ஆட்டம். சாயங்கால வெயிலில் அவன் தகரப் பந்தலுக்குப் போனான். ஈவர் அண்ணாந்தபடியே ஒரு வாஷ்பேசின் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். தலைமுடி நரைத்துவிட்டது; கழுத்து பின்னால் வளைந்தே போய்விட்டது.

“இன்னா தொரை, எளைச்சிப் பூட்ட?” என்றான் ஈவர், நடையோசையை வைத்து ஆளைக் கண்டுகொண்டு.

“தேசிகன் சார் உங்ககிட்ட சொன்னாரா?”

“சொன்னாரு. நீ சொல்லு. நீ வேணான்னா நான் இப்பவே தலைய கீழ எறக்கிடறேன். எறங்குமான்னு தெரியில, டிரை பண்றேன்.”

“நீங்க பிடிச்சுடுவீங்களா, அது வந்தா?”

“புடிப்பேன்,” என்றான் ஈவர். சிநேகிதனிடம் பொய் சொல்கிற பழக்கம் அவனுக்கும் இல்லை. “நீ என் தம்பி மாரிதான். ஆனா புடிப்பேன்.”

“யோவ், பேசுனது போதும், மேல பாத்துக்கினே சாப்டு,” என்று கோகிலா தட்டை அவன் கையில் வைத்தாள்.

தோர்யாலை சிரித்தான். “வேணாம். தலையை இறக்காதீங்க. நாளைக்குப் பார்ப்போம்,” என்றான். அதற்கு முன்னால் எத்தனையோ சாயங்காலங்களில் சொல்லியிருந்த வார்த்தைதான் அது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகை முடிந்து ஜனம் செருப்பு தேடிக்கொண்டிருந்த நேரத்தில், லாங்-ஆன் பக்கமிருந்து “வருதுடோய்!” என்று ஒரு சத்தம் கேட்டது. தோர்யாலை கையிலிருந்த டீயைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். பந்து அவசரமே இல்லாமல், ஆனால் சந்தேகமும் இல்லாமல், விழுகிற பந்து விழுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. ஈவர் சதுர ஓட்டைக்கு நேர் கீழே கைகளைக் குவித்தான். பந்து ஓட்டையைக் குறிபார்த்து வந்து, விரற்கடை தவறி, தகரத்தின் விளிம்பில் ‘டங்’கென்று மோதி, சரிந்து உருண்டு, கோகிலாவின் டீக்கடைத் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள். “நாந்தான் பாவி! வெயிலு வெயிலுன்னு நாந்தானே பந்தல் போட வச்சேன்! ரெண்டு பேர் பொழப்பையும் கெடுத்துட்டனே!”

ஊரே தேசிகனைப் பார்த்தது. அவர் முதலில் பந்தலைச் சுற்றி வந்தார். ஒரு தூணைத் தட்டினார். “ஏகாம்பரம், இது என்ன?”

“சார், பந்தல் சார்.”

“கூரையா, இல்லையா?”

தம் தொழிலைச் சந்தேகித்துவிட்டாரே என்று ஏகாம்பரத்துக்கு முகம் சிவந்தது. “நான் போட்டா கூரதான் சார். பதினெட்டு கேஜ் தகரம். யானை ஏறி நிக்கும்.”

தேசிகன் கண்ணை மூடி, ஒரு பக்கத்தை மனத்தில் புரட்டி, கண்ணைத் திறந்தார். கூரை போட்ட அரங்கங்களுக்கு என்று ஒரு விதி உண்டு. அதை அவர் வாழ்நாளில் உபயோகித்ததே இல்லை. “மைதானத்துக்கு உள்ளே இருக்கிற கூரையில் பட்டால் பந்து செத்தது,” என்றார். “செத்தது மட்டும் இல்லை. வீசவே இல்லை என்று அர்த்தம். ஓடின ஐந்து ரன்னும் இல்லை. அந்தப் பந்தை மறுபடி வீச வேண்டும்.”

கோகிலா அழுகையை நிறுத்திவிட்டு, “அப்ப நான் கெடுக்கலயா?” என்றாள்.

“அம்மா,” என்றார் தேசிகன், “நீங்கள்தான் இந்த ஆட்டத்தைக் காப்பாற்றினீர்கள்.”

தோர்யாலை புல்லில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பந்து மிச்சம், ஐந்து ரன் வேண்டும். எல்லாம் அப்படியே இருந்தது, அவன் தாடி நரைத்ததைத் தவிர.

மழைக்காலத்துக்கு முன்பே இரு அணியும் வந்து சேர்ந்தன, தொப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக. தீவுக்காரர்களின் பந்துவீச்சாளன் இப்போது ரொட்டிக் கடைக்காரன். இடுப்பு எலும்பு மாற்றியிருந்தான். ஒரே ஒரு பந்து என்றால் வீசுவேன் என்றான். எந்தப் பந்தை வீசுவது என்று கேள்வி வந்தது. பந்து கெட்டுப்போனால் அதே அளவு தேய்ந்த இன்னொன்றைத் தர வேண்டும் என்பது சட்டம். இருபது வருடம் வானத்தில் தேய்ந்த இன்னொரு பந்து உலகத்தில் இல்லாததால் அதையே கொடுத்தார்கள். ஏகாம்பரம் தம் கையாலேயே தகரத்தைப் பிரித்தார். நிஸ்தார் சாயபுவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிவந்தார்கள். ஷூ கம்பெனி அரை நாள் விடுமுறை விட்டது. மைக்செட்காரரின் மகன் தேசிய கீதம் போட்டான், வேறு எதையும் சேர்க்காமல்.

“பாபா பார்க்கிறாரா?” என்று தோர்யாலை களத்துக்குப் போகுமுன் போனில் கேட்டான்.

“உப்பு வாங்கப் போயிருக்காரு,” என்றாள் ஸர்கூனா. “வீட்டுல உப்பு நிறைய இருக்கு.”

அவன் மட்டையைக் கோட்டிலிருந்து பிடுங்கினான். முல்லைச்சரத்தைக் கழற்றி ஸ்டம்புக்குப் பின்னால் வைத்தான். உள்ளங்கை மட்டையை மறக்கவில்லை, குடைகளுக்கு நன்றி. ரொட்டிக் கடைக்காரன் நொண்டி நொண்டி ஓடிவந்து வீசினான். தோர்யாலை ஜெயிப்பதற்காகவே அடித்தான், தன் முழு பலத்தையும் வைத்து அடித்தான், உள்ளங்கைக்கு அந்தச் சத்தம் கேட்டது. டீ நிறப் பந்து லாங்-ஆன் பக்கம் எழும்பியது. மினாராவைத் தாண்டியது. தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியது. கரீம்பேட்டை மொத்தமும் தலையை அண்ணாந்தது. இதுவும் நின்றுவிடுமோ என்று எல்லாருக்கும் ஒரே பயம். தோர்யாலை ஓடவே மறந்து நின்றான். இறங்கு, என்றான் பந்திடம், தன் தாய்மொழியில். இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, இறங்கு.

பந்து இறங்கியது.

ஈவரின் கழுத்து இதற்கென்றே இருபது வருடமாக வளைந்த கழுத்து. “என்னுது! அல்லாரும் நவுருங்கோ, என்னுது!” என்று கத்திக்கொண்டே மூன்று எட்டு பின்னால் வைத்தான், எல்லைக் கயிறு குதிகாலில் இடிக்கிற இடத்தில் நின்றான், கைகளைக் குவித்தான். பந்து கைக்குள் போய் அடங்கியது.

தேசிகன் விரலைத் தூக்கினார். தூக்கிய விரலை இறக்க மறந்துபோனார்.

மைதானம் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு கணம் தோர்யாலையைப் பார்த்தது. அவன் மட்டையை வானத்துக்குத் தூக்கி, “அவுட்!” என்று தமிழில் கத்தினான். “நான் அவுட்டு! முடிஞ்சுது! முடிஞ்சுபோச்சு!” என்று லாங்-ஆனை நோக்கி ஓடினான், ஐந்து ரன் தூரத்துக்கும் அதிகமாக ஓடினான், பந்தைப் பிடித்த கையோடு ஈவரைக் கட்டித் தூக்கினான். அதன் பிறகுதான் ஊர் ஆர்ப்பரித்தது. ஆப்கானிஸ்தான் நாலு ரன்னில் தோற்றது. தோற்றவர்கள் டோலக் அடித்து ஆட, ஜெயித்தவர்கள் அழுதார்கள். மேலே வானம் வெறுமையாக, கொஞ்சம் கூச்சத்தோடு நின்றது. இறங்குகிற இடம் இன்னும் பந்தடிதான் என்று கண்டக்டர்கள் அங்கேயே முடிவு செய்துகொண்டார்கள்.

கோகிலா அவன் போனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். “தொரை, உங்கம்மா. ரொம்ப நேரமா அடிச்சிக்கினே கீது.”

“முடிச்சுட்டேன்மா,” என்றான் அவன்.

“பார்த்தேன். இரு, இரு, போனை ஒருத்தர் பிடுங்கறாரு.”

ஏதோ உரசியது. மூச்சு வாங்குவது கேட்டது, மாடிப்படி நடுவில் உட்காராமல் ஏறி வந்த மூச்சு. அப்புறம் அந்தக் குரல், கெண்டியிடமும் சுவரிடமும் மட்டுமே பேசிக் கேட்டிருந்த குரல், நேராக அவன் காதில் விழுந்தது.

“ரெண்டு தடவையும் ஏன் அதே எடத்துக்கு அடிச்சே? மிட்-விக்கெட்ல ஒரு ஆள் கிடையாது.”

“பாபா...”

“தரையோட அடிச்சிருந்தா நாலு. டை ஆகியிருக்கும். அதை விடு. உன் முதல் வருஷம் துபாய்ல, ஒரு இடதுகைக்காரனுக்கு அத்தனை பந்தையும் லெக் சைடுல போட்டியே, அது என்ன புத்தி? அப்புறம் அந்தக் கூக்ளி, தோளை முன்னாடியே காட்டிக் கொடுத்துடறே, பத்து வருஷமா பார்த்துக்கிட்டு இருக்கேன்...”

“பாபா, நான்...”

“குறுக்கே பேசாதே,” என்றார் குல் மர்ஜான். “நான் இன்னும் முடிக்கலே.”

தோர்யாலை எல்லைக் கயிற்றுக்குப் பக்கத்தில், தகரப் பந்தலின் நிழல் விழுந்து புல் வெளுத்துப்போயிருந்த இடத்தில், மட்டையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். குறுக்கே பேசவில்லை.